தாய் மொழியில் ஒரு காகிதம்

எட்டு மாதமாக, சிட்னி பென்டில் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டில் யாரும் சாப்பாட்டு மேசையில் சாப்பிடவில்லை. மேசை முழுக்கக் காகிதம். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் அதே கதிதான். சாம்பார் சிந்தியவர்கள் மன்னிக்கப்பட்டார்கள்.

காரணம்? நிரந்தர விசா.

'வாராவாரம் பத்தி எழுதுகிறவள், இவ்வளவு நாள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே' என்று கேட்காதீர்கள். கேஸ் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. இப்போது முடிந்துவிட்டது. எழுதலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால்... சில விஷயங்கள் எனக்கு இன்னும் புரியவில்லை. புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

என் கணவர் சுதாகர் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்க்கும் எஞ்சினியர். வெஸ்ட்மீட்டில் வேலை. அந்த வேலைக்காகக் கொடுத்த தற்காலிக விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் சிட்னி வந்தேன். அதற்கு முன்பு மூன்று வருடம் பாங்காக். அங்கேயும் அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டுதான். என் கல்யாண வாழ்க்கையை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் 'டிபென்டென்ட்' என்று சொல்லலாம். எல்லா ஃபார்மிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நிரந்தர விசா ஃபார்ம் ஆரம்பத்தில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. பெயர் என்ன, பிறந்த ஊர் என்ன. அப்புறம் திடீரென்று குணம் மாறியது. கடந்த பத்து வருடத்தில் எங்கெங்கே குடியிருந்தீர்கள்? மாதம், வருடம், முகவரி எல்லாம் வேண்டும். நடுவில் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது.

பத்து வருடம்! முந்தாநாள் காரை எந்த மாடியில் நிறுத்தினேன் என்று தெரியாமல் கார் பார்க்கை மூன்று முறை சுற்றியவள் நான்.

அதிலும் தாய்லாந்துக் கணக்கு இருக்கிறதே... அங்கே வெளிநாட்டுக்காரர்கள் தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை 'இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறேன்' என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்புவதானால், கிளம்பும் முன்பே திரும்பி வர அனுமதி வாங்க வேண்டும். மறந்தால் கையில் இருக்கும் விசா காலி. வருடத்தையும் புத்தர் கணக்கில் எழுதுவார்கள். நம் வருடத்தோடு ஐந்நூற்று நாற்பத்து மூன்றைக் கூட்ட வேண்டும். பழைய வாடகைப் பத்திரத்தைப் பார்த்து அதிலிருந்த வருடத்தை அப்படியே ஆஸ்திரேலிய ஃபார்மில் தட்டினேன். எதிர்காலத் தேதியை ஏற்க முடியாது என்று சிவப்பில் வந்தது. நியாயம்தானே?

இந்த வேலையெல்லாம் பாங்காக்கில் சுதாகர் பார்த்துக்கொண்டார். காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் என் பங்கு.

இங்கே எங்களுக்கு வழிகாட்டி யோகராணி அன்ரி. பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். பென்டில் ஹில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அலுவலகம். படியேறும்போதே கருவாட்டு வாசனையும் பிரிண்டர் சத்தமும் சேர்ந்து வரும். அகதியாக வந்து, தன் சொந்தக் கேஸுக்கே வருடக்கணக்கில் காத்திருந்தவர். அதனால் அவர் யாரையும் அவசரப்படுத்த மாட்டார், யாருக்கும் ஆறுதலும் சொல்ல மாட்டார்.

"பிள்ளை, தாய்லாந்துப் பொலிஸ்ட நற்சான்றிதழ் வேணும். அங்க இருந்த காலத்துக் கடுதாசி என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுங்கோ. தாய் பாஷையில இருக்கிறதை மொழிபெயர்க்கக் குடுங்கோ," என்றார்.

"எல்லாத்தையுமா அன்ரி?"

"ஓம். எது தேவையெண்டு வாசிச்சாத்தானே தெரியும்."

வாஸ்தவம்தான். போலீஸ் சான்றிதழுக்காகப் பத்து விரலிலும் மை தடவி ரேகை கொடுத்துவிட்டு வந்து, பழைய பெட்டியைக் கவிழ்த்தேன். தாய் மொழிக் காகிதங்கள் மொத்தம் ஏழு. தமிழில் இது ஒரு சங்கடம் பாருங்கள். 'தாய் மொழியில் இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாது' என்று ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னேன். "தமிழ் கூடவாடி மறந்துபோச்சு?" என்றாள்.

ஏழையும் படமெடுத்து, சிட்னியிலேயே இருக்கும் ஒரு தாய்லாந்துப் பெண் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினேன். நாலு நாளில் ஆங்கிலத்தில் திரும்பி வந்தன. வாடகைப் பத்திரம், மின்சார பில், டெலிபோன் கனெக்‌ஷன்... ஆறு சரி. ஏழாவது, பழைய பாஸ்போர்ட் உறைக்குள் நாலாக மடித்துச் செருகியிருந்த சின்னக் காகிதம். ஏதோ லக்கேஜ் சீட்டு என்று நினைத்திருந்தேன்.

அது விமான நிலையத்தில் கட்டிய அபராத ரசீது. அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் ஒன்பது நாட்கள் தங்கியதற்காக. என் பெயர் போட்டிருந்தது.

உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்றேன். அவர் பொறுமையாக மறுபடி வாசித்துக் காட்டினார். பிறகு தயங்கி, "உங்கள் கணவர் பெயரிலும் இதே மாதிரி ஒன்று இருக்க வேண்டுமே?" என்று கேட்டார்.

சாயங்காலம் சுதாகர் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன். மொழிபெயர்ப்பை அவர் பார்க்கவே இல்லை. அந்தச் சின்னக் காகிதத்தைப் பார்த்தார். ஒரு காலில் ஷூவோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை எங்க எடுத்த?"

"பழைய பாஸ்போர்ட்ல."

"ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டேன்னு நினைச்சேன்," என்றார்.

பாங்காக்கில் எங்களுடைய கடைசி மாதத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இத்தனை வாரப் பத்திகளில் நான் எழுதாத விஷயம். சுதாகரின் கான்ட்ராக்ட் முடிந்தது. அதோடு விசாவும் முடிகிறது. ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் வலி வந்தது. மத்தியானத்துக்குள் குழந்தை இல்லை. ரத்தம் நிற்காமல் இரண்டாவது முறையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பது ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு பற்பசை விளம்பரம் மட்டும்தான். எத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்? இரண்டு, மூன்று என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

விமான நிலையத்தில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "சீட் மாத்திக் கேட்டுட்டு வர்றேன்," என்று எங்கேயோ போனார். அதுவும் ஞாபகம் இருக்கிறது. ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பினார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் அதைப் பேசவில்லை. பேசக் கூடாது என்று முடிவெடுத்தெல்லாம் இல்லை. ஊருக்குப் போனோம், சிட்னிக்கு வந்தோம், வீடு பார்த்தோம், ஃப்ரிட்ஜ் வாங்கினோம். ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரி லெட்டரோட இமிக்ரேஷன் ஆபீஸ் போயிருந்தா நீட்டிச்சுக் குடுத்திருப்பாங்களாம்," என்றார் சுதாகர். "பின்னாடிதான் யாரோ சொன்னாங்க. உன்னை விட்டுட்டு அரை நாள் க்யூல போய் நிக்க முடியலை."

அதுவரைக்கும் சரி. எனக்கு வேறொன்று இடித்தது.

"நாம இங்க வந்த விசா ஃபார்ம்லயும் இதே கேள்வி இருந்திருக்குமே? எந்த நாட்டுலயாவது காலம் கடந்து தங்கியிருக்கீங்களான்னு. என்ன போட்டீங்க?"

"இல்லைன்னு போட்டேன்."

"ரெண்டு பேருக்குமா?"

"ம்."

"ஏங்க?"

அவர் இன்னொரு ஷூவின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமான்னு போட்டா கீழ ஒரு பெட்டி திறக்கும் விஜி. காரணம் எழுதணும். எழுதினா நீ படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். அப்போ அது நடந்து ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு."

எனக்கு என்ன தோன்ற வேண்டும் சொல்லுங்கள்? கோபமா? வந்தது. அரசாங்கத்திடம் பொய் சொல்லி, அதன் அடியில் என்னையும் கையெழுத்துப் போட வைத்திருக்கிறாரே! தவறான தகவல் கொடுத்தால் விசா மறுக்கப்படலாம், பிறகு வருடக்கணக்கில் விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம் என்று ஃபார்மிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வேலை, வீடு, எல்லாம் ஒரு டிக்கில் தொங்குகிறது. ஆனால் அந்தப் பொய் எனக்காகச் சொன்னது. கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை.

"மறுபடியும் இல்லைன்னே போட்டுடலாமா?" என்றார் அவர்.

நல்லவள் மாதிரி எழுத ஆசைதான். ஆனால் நானும் ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ரசீதைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? 'இல்லை' ஏற்கெனவே ஒருமுறை செல்லுபடியான பதில். மாற்றினால்தான் வம்பு.

மறுநாள் இருவரும் ரசீதோடு அன்ரியின் முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம்.

"ஆர் 'இல்லை' எண்டு போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் அன்ரி," என்றார் சுதாகர்.

"தெரிஞ்சுகொண்டோ?"

"ஆமா."

அன்ரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளையள், உங்களைப் பொய் சொல்லுங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன். இந்த முறை 'ஓம்' எண்டு போடுங்கோ. முந்திப் பிழையாச் சொன்னதைத் திருத்துறதுக்கு வேற ஒரு ஃபோம் இருக்கு."

"பொய் சொன்னதுக்கு ஒரு ஃபார்மா?" என்று கேட்டேன்.

"பிழையான பதிலைத் திருத்துற ஃபோம். கனபேர் நிரப்பியிருக்கினம். நீங்கள் முதல் ஆள் இல்லை."

"விசா கிடைச்சுடுமா அன்ரி?"

"அது எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு சொல்லுற ஆக்களிட்டப் போகாதேங்கோ."

வீட்டுக்கு வந்து 'ஆம்' என்பதைத் தட்டினோம். சுதாகர் சொன்ன மாதிரியே கீழே பெட்டி திறந்தது. காரணம் எழுதவும்.

எழுதுவது யார்? நான்தானே? வாராவாரம் உங்களுக்கு எழுதிக் குவிக்கிறவள் ஆயிற்றே! உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் தேவையில்லாத சோகம். அழித்தேன். இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்த விபத்தைப் போலிருந்தது. மூன்றாவதில் 'மருத்துவக் காரணங்களால்' என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் நகரவில்லை. ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன்.

மளிகைப் பட்டியலைத் தவிர வேறெதுவும் எழுதாத சுதாகர், ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில்தான் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'எங்கள் குழந்தை பிறக்கும் முன்பே இறந்துவிட்டது. என் மனைவியால் நடக்க முடியவில்லை. அவளை விட்டுவிட்டு விசாவை நீட்டிக்க நான் போகவில்லை. அபராதத்தை விமான நிலையத்தில் கட்டினேன். முந்தின விண்ணப்பத்தில் இதை மறைத்தவன் நான். என் மனைவிக்கு எதுவும் தெரியாது.'

எங்கள் குழந்தை. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கடைசி வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். என் மனைவிக்கு எதுவும் தெரியாது. சட்டப்படி எனக்கு அது நல்லதுதான். உண்மையும்கூட. ஆனாலும் படிக்க நன்றாக இல்லை. ரசீதைப் பற்றி மட்டும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அன்ரி படித்தார். "ஒரு சொல்லும் மாத்த வேண்டாம்," என்றார். பாங்காக் ஆஸ்பத்திரிக்கு ஈமெயில் போட்டு வரவழைத்த கடிதத்தையும், அந்தத் திருத்தல் ஃபார்மையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அப்புறம் காத்திருந்தோம். ஈமெயில் சத்தம் கேட்டால் இருவருமே போனை எடுப்போம். பல்பொருள் அங்காடி விளம்பரமாக இருக்கும். கோபத்தோடு அழிப்போம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் விசா வந்தது. நிரந்தரம். இரண்டு பேருக்கும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்னென்ன உரிமை, எந்தத் தேதிவரை வெளிநாடு போய் வரலாம்... எல்லாம் இருந்தது. அந்த ஒன்பது நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. மன்னித்தோம் என்றோ, கவனித்தோம் என்றோகூட இல்லை. சுதாகருக்குப் போன் செய்தேன். வேலையில் இருந்தார். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம்.

"வந்துருச்சா? நிஜமாவா?" என்றார். பிறகு, "அதைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமே கேக்கலையா?"

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவர் குரல் ஏன் அப்படி இறங்கியது? முதலில் எனக்குப் புரியவில்லை. போனை வைத்துவிட்டு, மேசையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போதுதான் மெல்லப் புரிந்தது. அவரை யாரும் எதுவும் கேட்டதே இல்லை. அரசாங்கம் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. நானும்தான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்:

"அந்த ஒன்பது நாளும் நீங்க எங்கங்க படுத்தீங்க... என்ன சாப்பிட்டீங்க?"