சுகந்தியின் நிரூபணம்

போன புதன்கிழமை காலை செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கி, சுகந்தி வீட்டுக்குப் போக ஆட்டோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் தம்பி போன் செய்தார். "நீங்க வர்றதா அக்கா சொல்லிக்கினே இருந்தாங்க. விடியக்காலம் மூச்சு நின்னுடுச்சுக்கா" என்றார். ஆட்டோவை அனுப்பிவிட்டு மாலை வாங்கப் போனேன்.

மறுநாள் நாங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் இரங்கல் குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் ஆய்வு நெறியாளரின் 'அடக்கமான மாணவி' என்று அவளைச் சொல்லியிருந்தார்கள். அவளை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். சுகந்தி அடக்கப்பட்டவள். அதில் எனக்கும் பங்கு உண்டு.

முடிவுறு குலங்கள் என்ற கணிதப் பிரிவில்தான் அவள் ஆராய்ச்சி. கடைவீதியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்த அவள் அப்பா ஒருநாள், "குலம்னா இன்னாம்மா, சாதியா?" என்று கேட்டார். நான் அருகில் இருந்தேன். சுகந்தி ஒரு செங்கல்லை எடுத்து வந்தாள்.

"இதைத் தலைகீழாப் புரட்டு நைனா. மறுபடி அதே மாதிரி தெரியுதா? சும்மா விடறதையும் சேர்த்தா இப்படி நாலு வழி இருக்குது. அந்த நாலும் சேர்ந்து ஒரு குலம்."

"இதுக்கா அஞ்சு வருசம்?"

"செங்கல்லு சின்னது. நான் பாக்கறதெல்லாம் ரொம்பப் பெருசு நைனா."

அந்த ஐந்தாம் வருடம் அவள் ஒரு தேற்றத்தை நிரூபித்தாள். ஒரு பெரிய வகையைச் சேர்ந்த குலங்கள் அனைத்தையும் சிறிய குலங்களாகப் பிரித்துவிடலாம் என்று காட்டிய தேற்றம். அவள் அதை எழுதிய நாட்களில் எதிர் மேசையில் இருந்தவள் நான். கட்டுரை அச்சானபோது நெறியாளர் பெயர் மட்டும் இருந்தது. சுகந்தி புகார் கொடுத்தாள். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "இது யாரோட வேலைம்மா?" என்று கேட்டார். நெறியாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுகந்தி எதிரே நின்றிருந்தாள். என் ஆய்வேட்டில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"சாரோடதுதான்" என்றேன்.

சுகந்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் பட்டம் கிடைத்தது, பேராசிரியை ஆனேன். அவள் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பி, ஒரு பள்ளியில் பிளஸ் டூ கணக்கு எடுத்தாள். பள்ளி விட்டு வந்து, சமண வீட்டு வழக்கப்படி பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட்டு, தன் குலங்களோடு உட்கார்ந்துவிடுவாள். எப்போதாவது போனில் பேசிக்கொள்வோம்; அந்த நாளைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

பல வருடங்கள் கழித்து அந்த நிரூபணத்தில் அவளே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். ஒரு நிலையை ஆராயாமல் விட்டிருந்தாள். அச்சில் வந்த நாள் முதல் வேறு ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நெறியாளர் மானம் போகட்டும் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். அவளோ அந்த ஓட்டையை அடைக்க மேலும் மூன்று வருடம் உழைத்து, திருத்தத்தை ஆய்விதழுக்கு அனுப்பினாள். கட்டுரையை எழுதியவர்தான் திருத்தம் தர முடியும் என்று பதில் வந்தது. உடனே நெறியாளருக்கே அதை அனுப்பிவிட்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? மறுபடியும் அவருக்கே தூக்கிக் குடுக்கறியே" என்று போனில் கத்தினேன்.

"தேற்றம் இன்னா தப்பு பண்ணுச்சு? அது நொண்டியாவே கெடக்கணுமா?" என்றாள்.

திருத்தம் நெறியாளர் பெயரில் வெளிவந்தது. கடைசி வரியில், 'கவனமாகப் படித்த ஒரு வாசகருக்கு நன்றி' என்று இருந்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் அவளைப் பார்க்கப் போனேன். நுரையீரல் கெட்டு, நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திப் பேசினாள்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேன் சுகந்தி."

"தெரியும்."

"ஏன் ஒரு தடவகூட நீ கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நான் உனக்கு ஆறுதல் சொல்லணும். எனக்கு இன்னா தலையெழுத்து?"

அழுதுகொண்டே, "மன்னிச்சுட்டியாடி?" என்றேன்.

"இல்ல" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

உண்மையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். "எழுது. நான் இருக்கும்போதே எழுது" என்றாள். நான் இரண்டு மாதம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கடிதம் நேற்றுத்தான் போயிற்று.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'இல்ல' ஒன்றுதான். மனதுக்குள் மன்னித்திருப்பாள் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அது அவள் சொன்ன சொல். அதையாவது அவள் பெயரிலேயே இருக்க விடுவோம்.