கண்ணை மூடினால் வருகிறவள்

எனக்குக் கண்ணை மூடினால் போதும். எதை நினைக்கிறேனோ அது வந்து நிற்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாரூர் ஏரி என்று நினைத்தால் ஏரி வரும், தண்ணீரில் வெயில் நெளிவதோடு. எங்கள் செவலை மாடு என்றால் அதன் நெற்றிச் சுட்டியும், ஈயை விரட்டுகிற காதும் வரும். பள்ளிக்கூடம் நான் அதிகம் கண்டதில்லை, இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் இந்த வித்தையில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அம்மா போன பிறகு அவளும் அப்படித்தான் வந்தாள். சாணி மெழுகிய தரையில் படுத்து இமையை மூடினால், முதலில் மூக்குத்தியின் வெள்ளைக்கல் மின்னும். அப்புறம் அதைச் சுற்றி மெல்ல மெல்ல முகம் கூடிவரும், பனிக்குள்ளிருந்து ஆள் நடந்து வருகிற மாதிரி. அப்பா பக்கத்தில் வந்து உட்காருவார்.

“கண்ணு, அம்மா தெரியுதா? என்ன பண்றா?”

“சிரிக்கிறாப்பா.”

“எப்படிச் சிரிக்கிறா, சொல்லு.”

நான் சொல்லச் சொல்ல, வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டு அது என்று நினைத்திருந்தேன்.

வருஷம் திரும்பியது. சாமல்பட்டியிலிருந்து மாமா வந்தார், அம்மாவுக்கு அண்ணன். படையல் வைக்க ஒரு படம் வேண்டும் என்றார். அம்மாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை. குந்தாரப்பள்ளி சந்தைக்கு மைசூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வருவார். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிப்பது அவர் தொழில். அடையாளம் சொன்னால் செத்தவர்களையும் கரியால் வரைந்து தருவார். மூன்று பேரும் போனோம்.

வர்ணக்காரர் காகிதத்தை விரித்தார். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. கண் எப்படி என்று கேட்டார்.

“நல்லா தெரியும்ங்க, ஊசிக்கு நூல் கோப்பா” என்றார் அப்பா.

மூக்கு எப்படி?

“இடது பக்கம் மூக்குத்திங்க. வெள்ளைக்கல்லு.”

“கட்ட ஹேகித்து, யஜமான்ரே?”

அவர் பேச்சில் மோவாய்க்கும் தாடிக்கும் ‘கட்ட’ என்கிற ஒரே சொல்தான். அவர் கேட்டது மோவாய் எப்படி இருந்தது என்று. அப்பாவுக்குத் தெரிந்தது தாடி மட்டும்.

“அவளுக்குத் தாடியே கெடையாதுங்க” என்றார், ரொம்ப மரியாதையாக.

மாடு பிடித்து நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். “நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா, மீசையாச்சும் இருந்துச்சா?” என்றான் ஒருவன். மாமாவுக்கு முகம் கறுத்தது.

“கூட வாழ்ந்தவ மூஞ்சி ஒரு வருசத்துல மறந்து போச்சா மாப்ளே? நாளைக்கு இவ மூஞ்சியும் மறந்துடும் உனக்கு. புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்.” என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மறக்கல மச்சான். எதிர்ல வந்தா ஆயிரம் பேர்லயும் கண்டுபுடிச்சிடுவேன். ஆனா…” என்றார் அப்பா.

“நான் சொல்றேன்” என்று கண்ணை மூடினேன்.

சந்தைச் சத்தம் தூரமாய்ப் போனது. மாட்டுக் கழுத்து மணிகள் எங்கேயோ தண்ணீருக்குள் ஆடுகிற மாதிரி கேட்டன. வெள்ளைக்கல் வந்தது, அவள் வந்தாள். நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன், கரி காகிதத்தில் உரசியது. நடுநடுவே அப்பாவின் குரல்: “இல்லீங்க, அது அவ புருவமில்ல… இன்னும் கீழ… ஆ, இதுதான்.”

“இப்ப மட்டும் எப்படித் தெரியுதாம்?” என்றார் மாமா.

“பார்த்தா தெரியுது மச்சான்.”

கண்ணைத் திறந்தேன். படத்தில் மோவாய் பெரிசாக இருந்தது, கண்கள் கீழே பார்த்தன. “ஏன் பாப்பா, உங்கம்மா கூரை மேல குந்திகினு இருந்தாங்களா?” என்று வர்ணக்காரர் சிரித்தார். நான் என்ன செய்வேன்? அவள் மடியில் படுத்துக்கொண்டு பார்த்த முகம்தான் எனக்கு வரும்.

மாமா வெகுநேரம் பார்த்தார். “மடியில கெடக்குற புள்ளையக் குனிஞ்சு பாக்குறா” என்றார். என் மணிக்கட்டில் அவர் பிடி தளர்ந்தது. அன்று சாமல்பட்டிக்குத் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

படத்தைச் சுவரில் மாட்டினோம். அதன் பிறகு அப்பா என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார். விளையாட்டு போனதே என்று எனக்கு வருத்தம். படித்த என் பேத்தி இப்போது சொல்கிறாள்: நேரில் பார்க்கும்போது வேலை செய்கிற மூளைதான் நினைக்கும்போதும் உள்ளே படம் போடுகிறதாம். சிலருக்குப் போடுவதே இல்லையாம். பாசமெல்லாம் இருக்கும், விஷயமெல்லாம் ஞாபகம் இருக்கும், கண்ணை மூடினால் மட்டும் வெறும் இருட்டாம்.

அப்போது எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா அந்தப் படத்தின் முன்னால் நிற்பார். நன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடுவார். உடனே திறந்து பார்ப்பார். மறுபடியும் மூடுவார். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து நான் ஓடிப்போனேன். அவரைக் குனியச் சொல்லி, இமையைப் பிரித்து ஊதிவிட்டேன்.

“போயிடுச்சாப்பா?”

“ஆமா கண்ணு” என்றார். “போயிடுச்சு.”