பின்வரிசையில் நின்றவர்

புகைப்படங்களை வெட்டி ஒட்டும் தொழிலில் கை தவறினால் இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாம். கணிப்பு தவறினால்தான் தொல்லை. பிறர் மனத்தில் இருப்பதைக் கையால் செய்து கொடுத்துவிட்டு, “நான் சொன்னது இது இல்லையே” என்ற பேச்சை வாங்கிக்கொள்ளும் தையற்காரர்களும் போர்டு எழுதுகிறவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தேன். கத்தரி, பிளேடு, தூரிகை, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. இவ்வளவுதான் கருவிகள். தனித்தனிப் படங்களை வெட்டி ஒரே அட்டையில் ஒட்டி, ஓரங்களைச் சாயத்தால் மறைத்து, அதை மறுபடி படமெடுத்தால், வாழ்க்கையில் சேர்ந்து நிற்காதவர்களும் சேர்ந்து நிற்பார்கள்.

ஜோடிப் படம்

அண்ணனூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். கணவர் காலமாகி முப்பத்தைந்து வருஷம். அவருடைய இளவயதுப் படத்தையும் தம்முடைய புதுப் படத்தையும் கொடுத்து, ஜோடியாக்கிவிடச் சொன்னார். ஆக்கினேன். அன்றைய மோஸ்தர்ப்படி அம்மாளின் படத்தின் மேல் நிஜப் பட்டுத்துணியைப் புடவை வடிவில் வெட்டி ஒட்டி, கரைக்குச் சம்கியும் வைத்தேன். எல்லாம் முடித்துப் பார்த்தால் தாயும் மகனும் நிற்பது போலிருந்தது.

தயங்கித்தான் நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“அவரு அங்கயே நின்னுட்டாரு, நைனா. நான்தான் நடந்துகினே கீறேன்.”

பொரிப் பொட்டலம்

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் ஸ்டெல்லா. அம்மாளின் வீட்டில் குடியிருந்தவர். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கணவர் அந்தோணி மஞ்சள் காமாலையில் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. கல்யாண ஆல்பம் மழைத் தண்ணீரில் ஊறி ஒரே கட்டியாகிவிட்டதாம். ரேஷன் அட்டைக்குப் படம் கேட்காத காலம். அரசாங்கத்துக்கே தேவைப்படாத முகத்தை வேறு யார் சேர்த்துவைக்கப் போகிறார்கள்?

மிஞ்சியது ஒரே படம். அந்தோணி வேலை பார்த்த லேத் பட்டறையில் ஆயுத பூஜையன்று எடுத்தது. பன்னிரண்டு பேர். மற்ற எல்லார் நெற்றியிலும் குங்குமம். அந்தோணி கையில் பொரிப் பொட்டலம் மட்டும். பின்வரிசையில் நின்றிருந்தார். முன்னால் நின்றவரின் தோள் அவர் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. சர்ச்சில் வைக்கும் முதல் வருஷ நினைவுப் பூசைக்குள் முழு முகம் வேண்டும் என்றார் ஸ்டெல்லா. அவசரம் பூசைக்காக மட்டும் அல்ல.

“பாப்பா அவ சித்தப்பாவத் தவிர யாரப் பாத்தாலும் அப்பான்றாண்ணா. பால்காரரக்கூட. எது அப்பான்னு நான் காட்டணும்.”

வலம் இடமானது

எனக்குச் சிற்ப நூல்களில் கொஞ்சம் பழக்கம் உண்டு. மூக்கின் நடுவே ஒரு கோடு கிழித்தால் முகத்தின் இரு பக்கமும் ஒன்றே என்பது அவற்றில் நான் கற்ற கணக்கு. ஆகவே தெரிந்த பாதியைப் பெரிதாக்கி ஒரு பிரதி போட்டேன். நெகட்டிவைத் திருப்பிவைத்து இன்னொரு பிரதி. இரண்டையும் மூக்கில் சேர்த்தேன். முகம் கோயில் சிலை போல அமைந்தது. ஸ்டெல்லா கொடுத்திருந்த அந்தோணியின் கட்டம்போட்ட சட்டையில், வெளியே தெரியாத உள்மடிப்பிலிருந்து துணி வெட்டி, படத்தின் சட்டைமேல் ஒட்டினேன்.

ஸ்டெல்லா முதலில் துணியைத்தான் விரலால் தடவினார். பிறகு முகத்தைப் பார்த்தார். தெய்வங்களின் முகத்துக்குப் பொருந்தும் கணக்கு லேத் பட்டறைக்காரர் முகத்துக்குப் பொருந்தவில்லை.

“சட்டை அவருதுதாண்ணா. உள்ள கீறது யாரு?”

தம்பியின் தாடை

காட்டுப்பாக்கத்தில் அந்தோணியின் தம்பி சூசை இருந்தார். அண்ணன் ஜாடை அப்படியே என்றார்கள். அவரை வரவழைத்து, பழைய படத்தில் வெயில் விழுந்த பக்கத்திலேயே விளக்கை வைத்து எடுத்தேன். அவர் முகத்தில் பாதியை வெட்டி அண்ணன் முகத்தோடு சேர்த்து, மூன்று நாள் தூரிகை பிடித்தேன். பூதக்கண்ணாடி வைத்தாலும் ஒட்டு தெரியாது. இன்றுவரை அதைவிட நுட்பமாக நான் எதையும் ஒட்டியதில்லை.

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்பத்தாண்ணா கிட்ட வந்துகீது” என்று குழந்தையை மேசைமேல் நிறுத்தினார். குழந்தை படத்தைப் பார்த்துக் கைகொட்டி, “சித்தப்பா!” என்றது. வாசலில் நின்ற சூசையைத் திரும்பிப் பார்த்து, மறுபடியும் படத்தைக் காட்டி, “சித்தப்பா!”

சூசை சிரிக்கப் பார்த்தார்.

“நான் இன்னும் உயிரோடதான் கீறேன் அண்ணி. அதுக்குள்ள எனக்கு மாலை போட்றாத.”

ஒட்டாமல் விட்டது

பூசைக்கு நான்கு நாள் இருந்தபோது ஸ்டெல்லா அந்தப் பட்டறைப் படத்தோடு மறுபடி வந்தார். எதையும் சேர்க்க வேண்டாம், அவர் நிற்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுங்கள் என்றார். குறுக்கே இன்னொருவர் தோள் இருக்கிறதே என்றேன். எங்கள் தொழிலில் முதலில் கத்தரி படுவது அதில்தான்.

“அது முனுசாமி அண்ணன் தோளு. போட்டோன்னா இவருக்குக் கூச்சம். எப்பவும் அவரு பின்னாலதான் பூந்துக்குவாரு. அப்படியே இருக்கட்டும்.”

பெரிதாக்கியதில் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஒரு கண், ஒரு காது, பாதிச் சிரிப்பு, முனுசாமியின் தோள். தூரிகையைத் தொடவே இல்லை. பூசைக்கு முதல் நாள் ஸ்டெல்லா குழந்தையோடு வந்து வாங்கிக்கொண்டார். “அப்பா” என்று காட்டினார். குழந்தை அந்த ஒற்றைக் கண்ணை உற்றுப் பார்த்தது. இந்த முறை சித்தப்பா என்று சொல்லவில்லை. “அப்பா” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தது. பிறகு அட்டையைத் திருப்பி, முகத்தின் மறுபாதியைப் பின்பக்கத்தில் தேடியது. அங்கே வெறும் அட்டைதான் இருந்தது. ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“மீதி அம்மாகிட்ட கீது. வா, சொல்றேன்.”

இத்தனை வருஷம் வெட்டி ஒட்டியதில் எது உங்கள் சிறந்த வேலை என்று யாராவது கேட்டால் நான் இந்தப் படத்தைத்தான் சொல்வேன், இதில் என் வேலை என்று எதுவும் இல்லாவிட்டாலும்.