கோட்டுக்குள் நின்ற சிவப்பு

வெள்ளிக்கிழமை காலை செய்முறைத் தேர்வுக்குக் கிருமி வளர்க்கும் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது செல்வராஜ் அண்ணன் அழைத்தார். விமலாக்காவின் கணவர். "விமலா போயிட்டாளுங்க" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். அக்கா முந்தின நாள் மதியம்வரை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தவர். வேறென்ன கேட்டிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் விமலாக்காவிடம் படித்தவர்கள் யாரும் அந்தக் கிழக்கு ஜன்னலை மறந்திருக்க முடியாது. ரத்தம் கலந்த சிவப்புக் கூழ்த் தட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை வளர்த்து, மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கிருமி வளர்ந்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு மறைந்து, கண்ணாடிபோல் ஒரு வளையம். அதன் வழியே ஆத்தூர் சாலையில் போகும் லாரி தெரியும். ஒரு பெண் தன் விடைத்தாளில் அதைச் 'சுத்தமான வளையம்' என்று எழுதிவிட்டாள். "ஏஞ் சாமி, இது சுத்தமா? சுடுகாடு. இங்க இருந்த ரத்த அணு அத்தனையும் வெடிச்சுப் போச்சு" என்றார் விமலாக்கா.

கிருமி வெளியே விடும் புரதம் செல்லின் மேல்சவ்வில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து வட்டமாகி, ஓட்டை போடுகிறது. ஓட்டை வழியே தண்ணீர் புகுந்து செல் உப்பி உடைகிறது. அவர் இதை விவரிப்பதைக் கேட்டால் கொலை வழக்கு மாதிரி இருக்கும். எனக்கு அந்த மிகை பிடிக்காது. "பயமுறுத்தாதீங்கக்கா. அது ஒரு புரதம், அவ்வளவுதான்" என்பேன். "அவ்வளவுதான்னு நீ சொல்லு. அந்தச் செல்லுகிட்டக் கேட்டுப் பாரு" என்பார்.

அவர் இறந்த வாரத்தின் தொடக்கத்தில், அம்மாபேட்டை வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஸ்டாண்டு அவர் கணுக்காலுக்கு மேலே கீறிவிட்டது. புதன்கிழமை அங்கே சிவந்திருந்தது. தட்டுகளில் எண் எழுதும் கறுப்பு மார்க்கரால் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டு வந்திருந்தார். "பாரு, தட்டு மாதிரியே இருக்குது. நம்பர் ஒண்ணுதான் பாக்கி."

"டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"பரீட்சை முடியட்டும். கோட்டைத் தாண்டுச்சுன்னா போறேன்."

வியாழக்கிழமையும் தாண்டவில்லை. ஆனால் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தொடைவரை இழுத்துப் பிடிக்கிறது, நின்றபடியே தேர்வு நடத்தியதால் இருக்கும் என்றார். ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டார். சாயங்காலம் நடுக்கத்தோடு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அண்ணன் கோட்டைக் காட்டியபோது, பணியிலிருந்த மருத்துவர் அதைப் பார்க்கவே இல்லையாம். தொடையை லேசாக அழுத்தியிருக்கிறார், அக்கா அலறிவிட்டார். "கோடு கிடக்கட்டும், வலி எங்கே இருக்குன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, உடனே அறுவை அரங்கைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. பிறகு ஏறவே இல்லை.

தோலுக்கு அடியில், தசையைப் போர்த்திய உறை வழியாகக் கிருமி மேலே போய்க்கொண்டிருந்தது. அதே புரதம் அங்கே தசைச் செல்களையும், காக்க வந்த வெள்ளணுக்களையும் உடைத்துக்கொண்டிருந்தது. ரத்தக் குழாய்கள் அடைபட்ட இடத்துக்கு மருந்தும் போய்ச் சேராது. கிருமியின் வேறு நச்சுகள் உடம்பின் நோய் எதிர்ப்பை வெறிகொள்ள வைத்து, உடம்பைக்கொண்டே உடம்பை வீழ்த்தும். இத்தனையையும் எங்களில் யாரையும்விட நன்றாக அறிந்தவர், தன் காலைத் தட்டாகப் பார்த்தார். தட்டுக்கு ஆழம் கிடையாது.

துக்க வீட்டில் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "கோட்டைத் தாண்டலீங்களே. நானும் பாத்துட்டேதானுங்க இருந்தேன். புதன்கிழமையே தூக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியலைண்ணா. அந்தக் கோட்டைப் போட்டது நீங்க இல்ல. போட்டவங்களே அதை நம்பினாங்க."

அவர் "குளிப்பாட்டுன பொம்பளைங்க தேச்சுத் தேச்சுப் பாத்துட்டாங்க, அந்தக் கோடு போக மாட்டேங்குது. அதோட அனுப்ப வேண்டாமுங்க" என்றார். தண்ணீருக்குப் போகாது என்பதற்காகத்தான் நாங்கள் அந்த மார்க்கரை வாங்குகிறோம். பக்கத்து மருந்துக்கடையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து துடைத்தேன். தொடை கறுத்திருந்தது. கணுக்காலுக்கு மேலே, கோட்டுக்குள், சிவப்பு அடங்கி வெறும் கீறல்தான் இருந்தது.

தள்ளிவைத்த தேர்வைத் திங்கட்கிழமை நடத்தினோம். தட்டை ஜன்னலில் நான் தூக்கிப் பிடித்தேன். வளையத்துக்குள் லாரி போனது. அவர் சொன்னதையே சொன்னேன், சுடுகாடு உட்பட. பிறகு, மனிதர்கள்மேல் கோடு போட்டால் கோட்டுக்கு வெளியே எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள் என்று சேர்த்துக்கொண்டேன். விமலாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சொல்லும் இந்தக் கேள்வியும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். திருப்பிக் கேட்கப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை.