செருப்பைக் கழற்றச் சொன்ன கடை

பதுளை பஜாரில் அந்தத் துணிக்கடைக்குப் புதிதாக டைல்ஸ் பதித்ததிலிருந்துதான் வினை ஆரம்பித்தது. சப்பாத்துப் போட்ட டவுன் ஆட்களை முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற எங்களிடம் மட்டும், "செருப்ப வாசல்லயே கழட்டிட்டு வாங்க" என்பார். நாங்களும் கோயிலுக்குள் போகிற மாதிரி கழற்றிவிட்டுப் போவோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. வைப்பதற்கு ஒரு தட்டுகூடக் கிடையாது. தீபாவளி நெருங்கினால் வாசற்படி முழுக்கச் செருப்பு குவிந்து கிடக்கும்.

அந்தக் குவியலில்தான் அம்மா தடுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. முதலாளி கல்லாவை விட்டு எழுந்துகூட வரவில்லை.

"ஒங்க ஆளுங்க செருப்புதானே தடுக்குச்சி? அதுக்குக் கடைக்காரன் என்னம்மா செய்றது? பாத்து நடக்கணும்."

கழற்றச் சொன்னது யார் என்று கத்தினேன். அவர் அடுத்த ஆளுக்கு பில் போடத் தொடங்கிவிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகும் அம்மாவின் மணிக்கட்டு திரும்பவில்லை, விரல்களும் பாதிதான் மடங்கின. அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கொழுந்து பறிப்பது? கூடை நிறையாததால் கொஞ்ச நாள் அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள், அப்புறம் வர வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். கடைக்காரர்தான் பொறுப்பு, வழக்குப் போடலாம் என்றார் தெரிந்த சட்டத்தரணி ஒருவர்.

"கோர்ட்டு வாசல்லயும் செருப்பக் கழட்டச் சொல்லுவாங்க, போ" என்றுவிட்டார் அம்மா.

எனக்கோ அந்த மனுஷனைச் சும்மா விடக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அடுத்த தீபாவளிக்கு நல்ல மழை. தோட்டத்து லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினேன். எல்லோரும் அதே கடைக்குப் போவது, ஒருவரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பஸ் ஏறும் முன் ஒருத்தி வேண்டுமென்றே சேற்றில் மிதித்துவிட்டு வந்தாள்.

கடைக்குள் அம்மாதான் முதலில் நுழைந்தார். சேற்றுத் தடம் கல்லா வரைக்கும் போனது. முதலாளி பதறி எழுந்தார். அன்றைக்கு மட்டும் எழுந்திருக்க முடிந்தது அவரால்.

"என்னம்மா இது! செருப்பக் கழட்டுங்க!"

"கழட்டுனா வாசல்ல குவியுங்க, அதுல தடுக்குங்க," என்றார் அம்மா ரொம்ப மரியாதையாக. "நாங்க பாத்துத்தான் நடக்குறோம்."

டவுன் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எங்கள் பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து அலமாரிகளைக் காலி பண்ண வைத்தார்கள். அம்மா கேட்டது மேல் தட்டிலிருந்த பட்டுச் சேலை. முதலாளியே எடுத்து நீட்ட, அம்மா பழக்கத்தில் வலது கையால் வாங்கினார். விரல்கள் பிடிக்கவில்லை. சேலை நழுவிச் சேற்றில் விழுந்தது.

அது நாங்கள் பேசி வைத்ததில்லை. கடையே அம்மாவின் கையைப் பார்த்தது. முதலாளியும் பார்த்தார்.

"கை வரலீங்க," என்றார் அம்மா. "நீங்களே குனிஞ்சு எடுத்துக்குங்க."

அவர் குனிகிற வரைக்கும் நாங்கள் ஒருவரும் நகரவில்லை.