பொட்டு வைத்த தெர்மோஸ்டாட்

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். நாங்கள் பூந்தமல்லி, பெண் வீடு அம்பத்தூர் மேனாம்பேடு. நான் அப்போது ஒரு பஸ் முதலாளியிடம் மெக்கானிக். அவர் பெரிய மனசு பண்ணி, எங்கள் வீட்டாரை அழைத்துப் போக ஒரு பஸ்ஸையே கொடுத்துவிட்டார்.

அந்த பஸ்ஸில் தெர்மோஸ்டாட் கெட்டிருந்தது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீரை மறித்து நிற்கும் சின்னப் பித்தளைக் கதவு அது. சூடு ஏறினால் தானாகத் திறக்கும். "நம்மூரு வெயிலுக்கு இது இன்னாத்துக்கு? கழட்டிக் கடாசிட்டு ஓட்டு மச்சான்" என்றார் டிரைவர். எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் என் கல்யாண வண்டி அரைகுறையாக ஓடுவதா? முதல் நாள் மவுண்ட் ரோடு வரை போய்ப் புதுசு வாங்கி வந்தேன்.

புதுச் சாமானுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூட்டுவது எங்கள் ஷெட் வழக்கம். தெர்மோஸ்டாட்டின் ஒரு பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு பித்தளைக் குடுவை இருந்தது. பார்க்க லட்சணமாக இருந்ததால் அதற்கே பொட்டு வைத்தேன். பொட்டு வைத்த முகத்தை எஞ்சினுக்குள் குப்புறக் கவிழ்க்க மனசு வருமா? மேலே பார்த்தபடி வைத்து மூடினேன். ஷெட்டுக்குள்ளேயே இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை சென்னீர்குப்பம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், எஞ்சின் உலைப்பானையாகக் கொதித்தது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆளாளுக்குத் தண்ணீர் தேடி ஓடினார்கள். என் சித்தப்பா பன்னீர்ச் செம்பையே தூக்கி வந்து, "இத்தயாவது ஊத்துடா" என்றார். ரேடியேட்டரோ ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் குடத்தோடு வந்தாள். ஊற்ற இடமில்லை என்றதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, இந்தப் பக்கம் சில்லுன்னு கீது, அந்தப் பக்கம் கொதிக்குது. நடுவுல இன்னாத்த வெச்சி அடைச்சிக்கினு கீறே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூடு பட்டுக் கதவைத் திறக்க வேண்டியதே அந்தக் குடுவைதான். அதை எஞ்சின் பக்கம் வைக்காமல் குளிர்ந்த பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்!

பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஸ்பேனரை எடுத்தேன். "கல்யாண நாளும் அதுவுமா மாப்ள கையில இரும்பா!" என்று அத்தை அலறினாள். "இப்பவாச்சும் கடாசு மச்சான்" என்றார் டிரைவர். கேட்பேனா? மூடியைத் திறந்ததும் வெந்நீர் பட்டு விரல்கள் கொப்பளித்தன. மூடியில் தண்ணீர் கசியாமல் நடுவில் வைக்கும் பேக்கிங் அட்டையும் கிழிந்துவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையையே வெட்டி அந்த இடத்தில் வைத்தேன். முகூர்த்த நேரம் அச்சடித்த வரி எஞ்சினுக்குள் போயிற்று. தெர்மோஸ்டாட்டைக் குப்புற வைத்து மூடினேன். வண்டி மேனாம்பேடு வரை சமர்த்தாக ஓடியது.

தாலி கட்டும்போது கிரீஸும் கொப்புளமுமாக இருந்த என் கையைப் பார்த்து, பெண் தலையை இன்னும் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

அவசரத்தில் அந்த வயற்காட்டுப் பெண்ணுக்கு வெற்றிலை பாக்குகூடக் கொடுக்காமல் வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. என்னைத் தொழில் தெரிந்தவன் என்று யாராவது புகழும்போதெல்லாம் அவள்தான் நினைவுக்கு வருகிறாள். பொட்டு வைக்கத் தெரிந்த எனக்கு, அன்று தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே!