ஆரோக்கியமேரி அக்கா ஊற்றிய கஞ்சி

ஆரோக்கியமேரி அக்கா இறந்த செய்தியை எனக்கு ஒரு பிளக்ஸ் பேனர்தான் சொன்னது. பாபநாசம் பஸ்ஸுக்காகக் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் படம் ஒரு மூலையில், பெரிதாக்கியதில் முகம் கலங்கிப்போய் இருந்தது. நடுவில் கைகூப்பியபடி எங்கள் ஊர் பழைய மிராசுதாரின் பேரன். இன்று கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறார். மேலே, ‘ஏழைகளின் அன்னைக்குக் கண்ணீர் அஞ்சலி’.

“எப்பய்யா?” என்று ஏணிமேல் இருந்தவனைக் கேட்டேன்.

“காலையிலதான் தாத்தா. சாயங்காலம் அடக்கம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கயிறு விழும்.”

நான் சாமி கும்பிடாதவன். ஆனாலும் அடக்கப் பூசைக்கு மாதா கோயிலுக்குள் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். புதிதாக வந்த பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஒரு கதை சொன்னார். அறுவடைப் போராட்டத்தின்போது அக்கா பகைவருக்கும் கஞ்சி ஊற்றினாராம். அதைக் குடித்த வெளியூர் ஆட்கள் மனம் உருகி, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்களாம். ஊரில் சமாதானம் வந்ததாம். கோயில் முழுக்கத் தலையாட்டியது. மிராசுதார் பேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொய். அக்காவை அறியாத உங்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். டீக்கடைப் பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். பிழையாக எழுதலாம், பொய்யாக எழுதமாட்டேன்.

எங்கள் ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே கோயில். உள்ளே வலப்பக்கம் அவர்கள், இடப்பக்கம் இவர்கள். கல்லறையில் நடுவே ஒரு சுவர். கீழத்தெரு அக்காதான் சாமியார் வீட்டில் சமையல். அப்படி ஒரு கை. அண்டா அளவு குழம்பென்றாலும் ருசி பார்க்கமாட்டார், உப்பு சரியாக நிற்கும். சாமியார் தினமும் அதைத்தான் சாப்பிட்டார். ஆனால் தேர்த்திருவிழா விருந்துக்கு மட்டும் கும்பகோணத்திலிருந்து சமையல்காரர் வருவார், மேலத்தெரு சாப்பிடவேண்டுமே. அன்று அக்கா விறகு சுமப்பார்.

“கோவம் வரலியாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வருது. வந்தா என்ன, இந்தக் கையைக் கொடுத்தவரு யாருக்கு ஆக்கணும்னு சொல்லிக் கொடுக்கலியே தம்பி. பசிச்சவனுக்கு ஆக்கிட்டுப் போறேன்.”

அப்போது எனக்கு இளவயது. ஆட்சி மாறிய புதிது. நம்ம ஆட்சி வந்தாச்சு, கூலி தானாக உயரும் என்று எங்கள் ஆட்களே பேசிக்கொண்டார்கள். உயரவில்லை. கூலி நெல்லில் அரைப் படி கூட்டிக் கேட்டு, சம்பா அறுப்பை நிறுத்தினோம். சங்கத்துக்கு நான் பொறுப்பு. சில நாளிலேயே கீழத்தெரு அடுப்புகள் அணைந்தன.

கோயிலுக்கு வரும் பெண்கள் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று கலயத்தில் எடுத்து வைப்பார்கள். பிடியரிசி என்று பெயர். சேர்ந்ததை அக்காதான் வாங்கிச் சாமியார் வீட்டில் சேர்ப்பார். அந்த வாரம் அங்கே சேர்க்கவில்லை. கோயில் அண்டாவையும் தூக்கிவந்து கீழத்தெரு நடுவில் அடுப்பு மூட்டினார். அப்போதிருந்த சாமியார் தேடி வந்தார்.

“அது ஆண்டவருக்கு உரிய அரிசி, ஆரோக்கியமேரி.”

“ஆண்டவரு நேத்து சாப்பிட்டாருங்களா சாமி? இந்தப் புள்ளைங்க சாப்பிடல.”

அன்றோடு வேலை போனது. அண்டாவையும் பிடுங்கிக்கொண்டார்கள். அக்கா வீடுவீடாகப் பானை வாங்கிக் காய்ச்சினார்.

பிறகுதான் மிராசுதார் தெற்கேயிருந்து லாரியில் ஆள் இறக்கினார். களத்தில் போலீஸ் காவலோடு அவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். அறுப்பு தொடங்கினால்தான் சோறு என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டான். பிள்ளைகள் அழுவது கீழத்தெருவரை கேட்டது. கேட்கட்டும், பட்டினி தாங்காமல் திரும்பிப் போகட்டும் என்றுதான் நாங்கள் இருந்தோம்.

உச்சி வெயிலில் அக்கா கஞ்சிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். களத்துக்குப் போக வாய்க்கால்மேல் ஒற்றைப் பனைமரம்தான் பாலம். நான் அதன்மேல் ஏறிக் குறுக்கே நின்றேன்.

“எங்கக்கா போறீங்க?”

“தெரிஞ்சுகிட்டே கேக்குற. தள்ளு தம்பி, ஆறிடும்.”

“நம்ம வயித்துல அடிக்க வந்தவனுங்க அவனுங்க. நம்ம புள்ளைங்க வாய்க் கஞ்சி இது.”

“நம்ம புள்ளைங்க குடிச்சாச்சு. இது என் பங்கும் எம் மக பங்கும். உன் சங்கத்துக் கஞ்சி இல்ல.”

நான் நகரவில்லை. அவர் கெஞ்சவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். பானை ஆடவில்லை. அக்கரையேறிக் களத்தைப் பார்த்து நடந்தார், திரும்பிப் பார்க்காமல்.

அவர்கள் குடித்தார்கள். மறுநாள் விடிந்ததும் அறுத்தார்கள். எந்த அரிவாளும் கீழே வைக்கப்படவில்லை. எங்கள் போராட்டம் தோற்றது. மறிக்கப்போன என்னைப் போலீஸ் அடித்துக் காலை உடைத்தது. படுத்துக்கிடந்த எனக்கு அக்கா கஞ்சி கொண்டுவந்தார்.

“உங்க கஞ்சிதான் அறுத்துச்சுக்கா” என்றேன்.

“அறுப்பாங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தினேன். இந்தா, குடி.”

குடித்தேன். கால் கூடும்வரை தினமும் குடித்தேன். அவரோடு பேசவில்லை. பல வருஷம் பேசவில்லை. நடவு, களையெடுப்பு என்று அவர் வயலுக்கே போனார். வெள்ளம் வந்தாலும் கீழத்தெருவில் சாவு விழுந்தாலும் அடுப்பு மூட்ட அவரே வருவார். சாமியார் வீட்டிலிருந்து ஒருவரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அன்று அவர் செய்தது தவறு என்றுதான் இன்றும் சொல்கிறேன். அதைப் பலித்த அற்புதமாக மாற்றிச் சொல்கிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அரிவாள் கீழே விழும் என்று தெரிந்தால் மிராசுதார்கூடக் கஞ்சி ஊற்றியிருப்பார். விழாது என்று தெரிந்து ஊற்றியவர் அவர் ஒருவர்தான். அவரைச் சுவருக்கு அந்தப்பக்கம் கீழத்தெருக் கல்லறையில்தான் புதைத்தார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு ஊர்ச் சாப்பாடாம், மிராசுதார் பேரன் செலவு. சமையலுக்குக் கும்பகோணத்திலிருந்து ஆள் வருகிறதாம்.

நான் போகமாட்டேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சண்டைதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்கா, இன்றைக்கும் அந்தப் பனைமரத்தை விட்டு நான் நகரமாட்டேன். நீங்களும் வாய்க்காலில் இறங்காமல் இருக்கமாட்டீர்கள்.